படத்துக்கு யார் சாட்சி?



மேடையில் மாலை போட்டு வைத்திருக்கும் தோழரின் படத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கோட்டு, டை, பின்னால் நீல வானம். தோழர் தம் வாழ்நாளில் ஒருநாளும் கோட்டு போட்டவர் இல்லை. நினைவுக் கூட்டத்துக்குப் படம் வேண்டும் என்று அவர் வீட்டில் தேடினோம். தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. விழுப்புரத்தில் நடந்த ஓர் ஆர்ப்பாட்டத்தில் மற்றவர்களோடு நிற்கும் படம்தான் கிடைத்தது. பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் கை அவர் தோள்மேல் கிடந்தது. திண்டிவனத்தில் ஒரு ஸ்டுடியோவுக்கு அதைக் கொண்டுபோனோம். கணினி முன்னால் இருந்த தம்பி முகத்தை வெட்டி எடுத்தார், தோளில் கிடந்த கையை அழித்தார், "கோட்டு போட்டுடட்டுமாண்ணா?" என்று கேட்டார். போடு என்றோம்.

நம் காலனிகளில் பல வீடுகளில் மாட்டியிருக்கும் படங்கள் இப்படி உருவானவைதாம். வாக்காளர் அட்டையிலோ ரேஷன் கார்டிலோ இருக்கும் சின்னப் படத்தைப் பெரிதாக்கி, சட்டையை மாற்றி, பிரேம் போட்டு வாங்கி வருகிறோம். இது பொய்ப் படமா? அந்த வீட்டில் யாரும் அப்படி நினைப்பதில்லை. உயிரோடு இருந்தபோது கிடைக்காத மரியாதையை இறந்த பிறகாவது கொடுக்கிறோம் என்றுதான் நினைக்கிறார்கள். இது யார், எப்போது இருந்தார், எப்படி வாழ்ந்தார் என்று சொல்ல அந்த வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் கோட்டு பொய்யாக இருந்தாலும் படம் உண்மையாக இருக்கிறது.

இன்று உங்களோடு பேச நினைப்பது இதைப் பற்றித்தான். டிஜிட்டல் வந்த பிறகு படத்தை நம்ப முடியாமல் போய்விட்டது என்று படித்தவர்கள் பலர் சொல்கிறார்கள். முன்பு கேமரா பொய் சொல்லாது, இப்போது எல்லாம் எடிட்டிங் என்கிறார்கள். இதை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கு முன்னால், அந்த 'முன்பு' யாருடைய முன்பு என்று நாம் கேட்டாக வேண்டும்.

கேமரா நம் மக்களிடம் முதலில் வந்தது நம் உண்மையைச் சொல்வதற்காக அல்ல. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக 'இந்திய மக்கள்' என்ற படத்தொகுப்பைப் பிரிட்டிஷ் அரசு வெளியிட்டது. 1857 எழுச்சிக்குப் பிறகு, ஆளப்படுகிறவர்களைச் சாதியாகவும் இனமாகவும் வகைபிரித்துத் தெரிந்துகொள்ளும் வேலையின் பகுதி அது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கையும் தலையையும் அளந்த கருவிகளோடு கேமராவும் சேர்ந்தே வந்தது. அந்தப் படங்களில் யாரும் எதையும் திருத்தவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நிற்பவரின் பெயர் பெரும்பாலும் அங்கே இருக்காது, சாதியின் பெயர் இருக்கும். திருத்தப்படாத படமும் ஒரு மனிதரை 'மாதிரி'யாக மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிறகு ஸ்டுடியோ வந்தது. நமக்கு அது டவுனில் இருந்தது, காசு கொடுத்தால்தான் கிடைத்தது. பத்திரிகை கேமரா சம்பவம் முடிந்த பிறகு வந்தது. 1978 ஜூலையில் இதே விழுப்புரத்தில் நம் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் எத்தனை பேர் அந்தக் கொலைகளைப் படமாகப் பார்த்திருக்கிறீர்கள்? நாங்கள் அதைப் பெரியவர்கள் வாய்வழியாகத்தான் தெரிந்துகொண்டோம். அடிப்பவன் கையை ஓங்கும் நேரத்தில் நம் கையில் கேமரா இருந்ததில்லை. அந்தக் காலத்துப் படங்களில் நாம் பெரும்பாலும் பிணமாகவோ, எரிந்த குடிசையின் முன் தலையில் கைவைத்தவர்களாகவோதான் இருந்தோம். செய்தவன் படத்துக்கு வெளியே இருந்தான். படம் நம்பகமாக இருந்த அந்தப் பொற்காலம் நமக்குச் சொந்தமானதாக இருந்ததில்லை.

அப்படியானால் டிஜிட்டல் எதைத்தான் மாற்றியது? பிலிமில் வெளிச்சம் பட்டால் அதிலுள்ள வெள்ளி உப்பு மாறும். கழுவினால் நெகட்டிவ் கிடைக்கும். அது ஒரு பொருள். ஒன்றுதான் இருக்கும். அதில் கைவைத்தால் பெரும்பாலும் தடம் தெரியும். படத்தில் சந்தேகம் வந்தால் நெகட்டிவைக் கொண்டுவா, எடுத்தவரைக் கூண்டில் ஏற்று என்று நீதிமன்றம் கேட்கும். டிஜிட்டல் கேமராவில் வெளிச்சம் எண்களாக மாறுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் சில எண்கள். எண்ணை மாற்றினால் கீறல் விழாது. நூறு பிரதி எடுத்தாலும் நூறும் ஒன்றுபோலவே இருக்கும், எது அசல் என்று கண்ணால் சொல்ல முடியாது. இன்றைய கைப்பேசிகள் நாம் ஒருமுறை தொடுவதற்குள் பல படங்களை எடுத்து, கலந்து, இருட்டை வெளிச்சமாக்கித் தருகின்றன. யாரும் எடிட் செய்யாத படமும் கணக்குப் போட்டு உருவான படம்தான்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தை நாம்தான் அதிகம் அறிவோம். கேமரா டவுனைவிட்டுக் காலனிக்கு வந்துவிட்டது. கூலி வேலைக்குப் போகும் பையன் சட்டைப்பையில் கேமரா இருக்கிறது. சம்பவம் நடக்கும்போதே படம் உருவாகிறது. போலீஸ் வருவதற்குள் அது மாவட்டத்தைத் தாண்டிவிடுகிறது. அசலுக்கு இருந்த மதிப்பு குறைந்துபோன அதே காலத்தில்தான் நம் கைக்குக் கேமரா கிடைத்தது. சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

நம் மாவட்டத்திலிருந்தே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். 2021 மே மாதம், கொரோனா ஊரடங்குக் காலம். திருவெண்ணெய்நல்லூர் பகுதியில் உள்ள ஒட்டனந்தலில், காலனி மக்கள் திருவிழா நடத்தியதைக் காரணம் காட்டி, மூன்று தலித் முதியவர்களை ஊர்ப் பஞ்சாயத்தில் காலில் விழ வைத்தார்கள். அந்தக் காட்சி கைப்பேசியில் பதிவாகிப் பரவியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அந்தப் படம் இல்லாமல் இருந்திருந்தால்? "அப்படியெல்லாம் எதுவும் நடக்கலை, பேசி முடிச்சிக்கிட்டோம்" என்ற ஒரு வரியில் காரியம் முடிந்திருக்கும். இப்படி எத்தனையோ முடிந்திருக்கின்றன. கைப்பேசி அந்த வழியை அடைத்தது.

ஆனால் அந்தப் படம் எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை என்றும் பாருங்கள். முதியவர்கள் மண்ணில் கிடப்பதைக் காட்டியது. விழாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்ற பயத்தைக் காட்டவில்லை. அந்தப் பயத்தைப் படம் பிடிக்க எந்தக் கேமராவாலும் முடியாது. பஞ்சாயத்துக்கு முந்தைய நாள் என்ன நடந்தது, யார் யாரைக் கூப்பிட்டார்கள், நிலம் யாரிடம், வேலை யாரிடம் என்பதை எல்லாம் அந்த ஊர்க்காரர்தான் சொல்ல முடியும். இன்னொன்றும் உண்டு. ஒருமுறை விழுந்தவர்களை நாம் பகிர்ந்த ஒவ்வொரு முறையும் திரும்ப விழ வைத்தோம். அவர்களுடைய பேரப் பிள்ளைகளும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். முகத்தை மறைத்துப் பகிர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அதே ஆண்டு ஆகஸ்டில் கோவை மாவட்டம் அன்னூர் அருகே ஒட்டர்பாளையத்தில் நடந்ததையும் மறைக்காமல் பேச வேண்டும். கிராம நிர்வாக அலுவலகத்தில் தலித் உதவியாளர் ஒருவர், சாதி இந்து ஒருவரின் காலில் விழும் காணொளி வந்தது. தமிழ்நாடே கொதித்தது. சில நாள் கழித்து இரண்டாவது காணொளி வந்தது. அதில் அந்த உதவியாளர் முதலில் மற்றவரை அடிப்பது இருந்தது. அதன்பின் நடவடிக்கை உதவியாளர் மீதே திரும்பியது. இரண்டு காணொளிகளில் எதையும் கணினியில் செய்ததாக நாம் சொல்லவில்லை. ஒன்று எங்கே தொடங்கியது, எங்கே நிறுத்தப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கேள்வி தீரவில்லை. அடித்தவர் ஏன் அடித்தார், விழுந்தவர் யார் சொல்லி விழுந்தார் என்று அங்கே இருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். முதல் காணொளியை அரை மணி நேரத்தில் பகிர்ந்தவர்களில் நாங்களும் உண்டு. யாரையும் விசாரிக்கவில்லை. அந்த அவசரம், அதன்பின் வரும் உண்மையான புகார்களுக்கும் சேர்த்துக் கெடுதல் செய்தது.

திருத்தப்படாத படம் பொய் சொல்லும் என்பதைக் கோகுல்ராஜ் வழக்கைப்போல நமக்குக் கற்பித்த வழக்கு வேறில்லை. பொறியியல் பட்டதாரியான கோகுல்ராஜ் 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் தம் தோழியைச் சந்திக்கப் போனார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்ட உடலாகக் கிடந்தார். அவர் பேசுவதுபோல ஒரு காணொளியும் கிடைத்தது. தாமே சாகப்போவதாக அதில் சொல்லியிருந்தார். முகம் அவருடையது, குரல் அவருடையது. தடயவியல் கூடத்துக்கு அனுப்பினால் படமும் குரலும் அசல் என்றுதான் சொல்லியிருக்கும். கேமராவுக்குப் பின்னால் நின்றவர்களைப் பற்றி அந்தப் படம் ஒன்றும் சொல்லாது.

அதே வழக்கில் வேறொரு படமும் இருந்தது. கோயிலின் கண்காணிப்புக் கேமராவில் பதிவான காட்சி. மங்கலான, குரல் இல்லாத படம். யாருக்காகவும் எடுக்கப்பட்டதல்ல. கோயிலுக்குள் வந்தவர்களையும் போனவர்களையும் அது காட்டியது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் இதைக் கொலை என்று தீர்ப்பளித்து, யுவராஜ் உள்ளிட்ட 10 பேரைத் தண்டித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் இருவரும், 2023 ஜனவரியில் அந்தக் கோயிலுக்கே நேரில் போய்க் கேமராக்கள் எங்கெங்கே இருந்தன என்று பார்த்தார்கள். முக்கியச் சாட்சியான பெண்ணை அழைத்து அந்தக் காட்சியைக் காட்டியபோது, அதில் இருப்பது தாம் இல்லை என்று அவர் சொன்னார். தன் படத்தைத் தானே மறுக்கும் அளவுக்கு ஒருவரை அழுத்துவது எது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. 2023 ஜூன் 2 அன்று உயர் நீதிமன்றம் யுவராஜின் வாழ்நாள் சிறைத் தண்டனையை உறுதிசெய்தது.

கேமரா வாங்கிக் கொடுத்த நீதி என்று இதை எழுதினார்கள். நாம் அப்படி எழுத மாட்டோம். மகனைப் பறிகொடுத்த தாய், வழக்கை நாமக்கல்லிலிருந்து வேறு மாவட்டத்துக்கு மாற்ற வேண்டும் என்று போராடியிராவிட்டால், வழக்கறிஞர் ப.பா. மோகன் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் நின்றிராவிட்டால், அந்தப் பதிவு வெறும் ஹார்டு டிஸ்க்காகக் கிடந்திருக்கும். பேசாத படத்துக்காக மனிதர்கள் பேசினார்கள். நீதிபதிகள் நடந்துபோய்ப் பார்த்தார்கள்.

இங்கிருந்து நாம் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறோம். படத்தின் உண்மை படத்துக்குள் இருப்பதில்லை. பிலிம் காலத்திலும் இருந்ததில்லை. இந்தப் படம் இங்கே, இந்த நேரத்தில், இவரால், இதற்காக எடுக்கப்பட்டது என்று பொறுப்பேற்று நிற்கும் ஆளிடம் அது இருக்கிறது. முன்பு நெகட்டிவ் இருந்ததால் அந்த ஆளை நாம் கவனிக்கவில்லை. டிஜிட்டல் நெகட்டிவை எடுத்துவிட்டது, ஆள் கண்ணுக்குத் தெரிகிறார்.

ஆனால் எல்லா ஆளின் பேச்சும் ஒரே விலைக்குப் போகும் சமூகத்தில் நாம் வாழவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், வழிமறித்து அடித்த ஒரு சம்பவத்தின் காணொளியோடு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி ஓடவிட்டுப் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு, "இப்பல்லாம் எதை வேணா பண்ணலாமே சார், இதை எடிட் பண்ணலைன்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டார். எதிர்த்தரப்பு கொடுத்திருந்த புகாரோடு ஒரு பஸ் கண்ணாடி உடைந்த படம் இணைக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றி அவருக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. சந்தேகப்படுவது தவறில்லை. நம் படத்தின் மேல் மட்டும் சந்தேகப்படுவதுதான் சாதி. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு, நடக்காததை நடந்ததாகக் காட்டும் ஆபத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல ஆதிக்கத்துக்கு ஒரு புதிய வாக்கியம் கிடைத்திருப்பது நமக்கு அதைவிடப் பெரிய ஆபத்து.

வேங்கைவயலை நினைத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தில், நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரியவந்தது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேரைக் குற்றவாளிகளாகச் சொன்னது. அந்த நாட்களிலேயே தொட்டியின் மேல் எடுத்த படங்களும் குரல் பதிவுகளும் சமூக ஊடகங்களில் சுற்றின. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் சாட்சியமாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய படம் எப்படித் தெருவுக்கு வந்தது? நீதிபதி பார்ப்பதற்கு முன்னால் அதைப் பார்த்த லட்சக்கணக்கானோர் தீர்ப்பு எழுதி முடித்தார்களே, அதை யார் திரும்பப் பெறுவது? நாம் எடுத்த படம் நம் மேலேயே திருப்பப்படலாம். படம் எடுப்பவர்கள் இதையும் தெரிந்துகொண்டுதான் எடுக்க வேண்டும்.

களத்தில் நிற்கும் தோழர்களுக்குச் சில நடைமுறைகளைச் சொல்கிறோம். இவை நாங்கள் தவறு செய்து கற்றவை.

எடுத்த கைப்பேசியை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், அதிலிருந்து அசலை அழிக்காதீர்கள். படத்தோடு எந்தக் கருவி, எந்த நேரம் என்ற விவரமும் சேர்ந்தே பதிவாகிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், அந்த விவரங்களும் போய்விடும். வழக்கறிஞருக்கு அனுப்ப வேண்டுமானால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொடுங்கள். வெட்டாதீர்கள், பாட்டுச் சேர்க்காதீர்கள், எழுத்துப் போடாதீர்கள். பகிர்வதற்கு வேறு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் அது 63ஆம் பிரிவு. அந்தச் சான்றிதழில் 'ஹாஷ்' மதிப்பையும் குறிக்க வேண்டும். கோப்பின் கைரேகை என்று அதைச் சொல்லலாம். ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும். 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது. அசல் கருவியின் உரிமையாளரே சாட்சிக் கூண்டில் ஏறி, இது என் கருவி, இதில்தான் பதிவு உள்ளது என்று காட்டினால், தனியாகச் சான்றிதழ் தேவையில்லை. பாருங்கள், சட்டமும் கடைசியில் ஆளிடம்தான் வந்து நிற்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, 10ஆம் உட்பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழான நடவடிக்கைகள் அனைத்தையும் காணொளியாகப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. கேமரா நம் மேல் மட்டும் திரும்பியிருக்கக் கூடாது, விசாரிப்பவர் மேலும் திரும்ப வேண்டும். அதைக் கேட்டு மனுப் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதி வையுங்கள். நம் உண்மை அறியும் குழுக்கள் கேமரா இல்லாத காலத்திலும் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து, கேட்டு, எழுதின. தேதி, நேரம், இடம், இருந்தவர்கள், சொன்னவர்கள். இன்று ஒரு காணொளி கிடைத்ததும் அந்த வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். அங்கேதான் அது தொடங்குகிறது. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் முகத்தை வெளியிடாதீர்கள். பெண்கள், குழந்தைகள் என்றால் எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடாதீர்கள். அரை மணி நேரம் பொறுத்து, அந்த ஊரில் ஒருவருக்காவது போன் போட்டுக் கேட்டுவிட்டுப் பகிருங்கள்.

கடைசியாகத் தோழரின் படத்துக்கே வருகிறோம். கோட்டு போட்ட படம் இந்த மேடையில் இருக்கட்டும், அந்த மரியாதைக்கு உரியவர்தான் அவர். ஆனால் திண்டிவனத்துத் தம்பியிடம் அசல் படத்தையும் திருத்தாமல் ஒரு பிரதி போட்டு வாங்கிவந்தோம். தோழரின் தோளில் கிடந்த அந்தக் கை யாருடையது என்று மூன்று பேரிடம் விசாரித்தோம். அதே ஆர்ப்பாட்டத்தில் நின்ற ஒரு தோழியர் படத்தைப் பார்த்ததும் பெயரைச் சொன்னார். என்ன கோரிக்கைக்காக அன்று நின்றார்கள், எத்தனை பேரைப் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் படத்தின் பின்பக்கம் எழுதி, கீழே அவரிடம் கையெழுத்து வாங்கி மன்றத்தில் வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் மாணவர்கள் வந்து பார்க்கலாம். உங்கள் வீடுகளில் இருக்கும் படங்களையும் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் காலியாக இருந்தால், சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

ஜெய்பீம்.